நீல டிக் வராத நேரத்தை ஒரு அறைக்குள் எப்படி வைப்பது?

கோண்டாவில்_ஈர்க்கு:

வணக்கம். இறுதி வருடச் செயற்திட்டமாக, பார்வையாளர் தொட்டு இயக்கக்கூடிய ஒரு கலை நிறுவல் செய்துகொண்டிருக்கிறேன். தலைப்பு ‘பதகளிப்பு’. அதை ‘பதற்றம்’ என்று மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை. பதற்றம் வந்து போகும். பதகளிப்பு நெஞ்சுக்குள் குந்திக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டாவது.

விசயம் இதுதான். அண்ணா ரொறன்ரோவில் இரவு வேலை. முடிந்து வீட்டுக்கு வந்ததும் வட்ஸ்அப்பில் “வந்திட்டன்” என்று ஒரு மெசேஜ் போடுவான். அங்கே காலை 7 மணி, இங்கே பின்னேரம் ஐந்தரை. அம்மா ஐந்து மணிக்கே விறாந்தைக் கதிரையில் வந்து இருந்துவிடுவார். போன் தையல் மெசினுக்கு மேல் இருக்கும். கையில் எடுக்கமாட்டார், ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கா கழுத்து அந்தப் பக்கம் போய்வரும். அவருக்கென்று ஒரு அகராதி இருக்கிறது: “ஒரு டிக் எண்டால் போன் செத்துப்போச்சு. ரெண்டு டிக் எண்டால் போன் இருக்கு, பிள்ளை பாக்கேல்ல. நீலம் எண்டால் ஆள் இருக்கிறான்.”

இடையில் அண்ணா நீல டிக்கை நிறுத்திவிட்டான். வேலையிடத்து ஆட்களின் தொல்லையாம். இங்கே வீடு இரண்டுபட்டது. குழுவில் அதை நிறுத்த முடியாது என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க, எங்கள் மூன்று பேருக்கு மட்டும் ஒரு குழு தொடங்கினார். ஆனால் குழுவில் எல்லோரும் பார்த்தால்தான் டிக் நீலமாகும். அண்ணா பார்த்திருப்பான், நான் பார்த்திருக்கமாட்டேன், டிக் சாம்பலாகவே நிற்கும். குசினிக்குள்ளிருந்து குரல் வரும்: “நீ பாத்திட்டியோ? நீ பாத்திட்டியோ?”

உச்சம் போன நவம்பரில் நடந்தது. கோடை முழுக்க அண்ணாவின் மெசேஜ் நாலரைக்கு வரும். நவம்பர் முதல் ஞாயிறு கனடாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பதை எல்லோருமே மறந்துவிட்டோம். திங்கள் நாலரை ஆனது, மெசேஜ் இல்லை. நாலே முக்காலுக்கு அம்மா சாமியறைக்குப் போய் நல்லூரானுக்கு நேர்த்தி வைத்தார். ஐந்து மணிக்கு ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவை எழுப்பினார், அவருக்கு அப்போது காலை ஆறரை. நித்திரையால் எழும்பின பெரியம்மா ஊரில் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து முதலே அழத் தொடங்கிவிட்டார். ஐந்தரைக்கு வழமைபோல “வந்திட்டன்” வந்தது. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மணிக்கூடு மட்டும் நகர்ந்திருக்கிறது.

இதைத்தான் செய்ய நினைத்தேன். செய்தது வேறு. முதல் முயற்சியில் ஆறு பழைய போன்களைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஆள் கிட்டப் போனால் எல்லாம் ஒரேயடியாக அதிரவும் மின்னவும் விட்டேன். வகுப்பில் பதினான்கு பேர் வந்தார்கள். சிரித்தார்கள், நடுவில் நின்று செல்பி எடுத்தார்கள். ஒருத்தி “பார்ட்டி மாதிரி இருக்கு” என்றாள். அத்தோடு முடிந்தது.

ஆனால் ஆறாவது போனில் என்னுடைய புரோகிராம் பிழைத்துவிட்டது. மெசேஜ் வராமல் “டைப்பிங்…” என்று மட்டும் காட்டும், அணையும், திரும்பக் காட்டும். அதன் முன்னால் ஒரு பெடியன் நாலைந்து நிமிடம் அசையாமல் நின்றான். மற்ற ஐந்தையும் அவன் பார்க்கவேயில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, எங்கள் வீட்டில் சத்தம் என்று ஒன்றும் கிடையாது. இருப்பது காத்திருப்பு.

ஆகவே கேள்வி: காத்திருப்பை எப்படி ஒரு பொருளாக்குவது? திரை வேண்டாம் என்று நினைக்கிறேன், திரையைக் கண்டால் சனம் தங்கள் போனை எடுத்துவிடுகிறது. கடைசிவரை மெசேஜ் வராமலே விட்டால்தான் உண்மையாக இருக்குமா? ரபாயேல் லொசானோ-ஹெமர் 2006 இல் செய்த பல்பு நிறுவல் மாதிரி, பார்ப்பவரின் நாடித்துடிப்புக்கு பல்பு மின்னச் செய்யலாம் என்றும் ஒரு யோசனை. அறை 12 அடிக்கு 10. கையில் 15,000 ரூபா. ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் போர்ட் இரண்டும் எஸ்ஜி90 என்ற குட்டி மோட்டர் மூன்றும் இருக்கின்றன. நேரம் ஆறு கிழமை.

வெள்ளவத்தை_யூஐ:

தங்கச்சி, நான் கொழும்பில் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிற ஆள். அம்மாவைக் கதிரையில் இருத்தியதில் என் தொழிலுக்கும் பங்கு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அந்த ஆறாவது போனை எறிந்துவிடாதே. உன் புரோகிராமில் விழுந்த பிழைதான் நாங்கள் வேண்டுமென்றே செய்கிற வேலை. ஒவ்வொரு கொத்துக்கும் தீனி விழுந்தால் புறா வயிறு நிறைந்ததும் விட்டுவிடும். எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாவிட்டால் விடாமல் கொத்தும். உளவியலாளர் பி. எப். ஸ்கின்னரின் ஆய்வுகளில் இருந்து வந்த விசயம் இது. திரையைக் கீழே இழுத்துப் புதுப்பிக்கிறோமே, அதே கொத்துத்தான். வட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். அதற்கு முன்னும் அம்மாக்கள் காத்திருந்தார்கள், ஆனால் “பார்த்துவிட்டான், பதில் போடவில்லை” என்ற ஒரு நிலை அப்போது இருக்கவில்லை. புதிதாக ஒரு வடிவம் வந்தால் அதற்கென்று புதிதாக ஒரு கவலையும் கூடவே வரும்.

திரை வேண்டாம் என்றது சரி. 1995 இல் கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடத்தில் நத்தலி ஜெரெமிஜென்கோ என்ற கலைஞர் ஒரு வேலை செய்தார். எட்டு அடி நீளமான பிளாஸ்டிக் வடம் ஒன்றைக் கூரையில் ஒரு சிறு மோட்டரில் தொங்கவிட்டு, மோட்டரைக் கட்டிடத்தின் கணினி வலையமைப்புக் கம்பியோடு இணைத்தார். தகவல் ஓட ஓட மோட்டர் துடிக்கும். நெருக்கடி நேரத்தில் வடம் சுழன்று இரையும், ஓய்ந்த நேரத்தில் இடைக்கிடை ஒருக்காத் துள்ளும். யாரும் அதை முறைத்துப் பார்க்கத் தேவையில்லை, கண்ணின் ஓரத்தில் இருந்தாலே போதும். அதே ஆய்வுகூடத்து மார்க் வைசரும் ஜோன் சீலி பிரவுனும் அமைதியான தொழில்நுட்பம் பற்றி எழுதியபோது இதைத்தான் உதாரணம் காட்டினார்கள். உன் பெயரிலேயே ஈர்க்கு இருக்கிறது. பிளாஸ்டிக் வடம் உனக்கு எதற்கு?

பென் குரொசர் என்ற கலைஞர் 2012 இல் பேஸ்புக்கில் இருந்து எண்களை மட்டும் மறைக்கிற ஒரு சிறு மென்பொருள் செய்தார், அதையும் பார். எத்தனை லைக் என்ற எண் மறைந்துபோகும், மற்றதெல்லாம் இருக்கும். ஒன்றைக் கூட்டாமல் ஒன்றைக் கழித்துப் பதகளிப்பைக் காட்டுகிற வழி.

பருத்தித்துறை_தட்டைவடை:

இதுக்கு ஏன் 15,000? போனை வீட்டில் வைத்துவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கோ. நிறுவல் முடிந்தது.

கோண்டாவில்_ஈர்க்கு:

போனோம் அண்ணை. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள், காங்கேசன்துறைக்கு. ஐந்தே காலுக்கு “மழை வரும் போல கிடக்கு, வெளிக்கிடுவம்” என்றார். வானத்தில் ஒரு முகில் இல்லை.

சுன்னாகம்_றேடியோ:

பிள்ளை, எனக்கு 61 வயது. றேடியோ திருத்துகிற வேலை, இப்போது கூடுதலாக சார்ஜர் ஒட்டுகிற வேலை. இணையக் கலை ஒன்றும் எனக்குத் தெரியாது, ஆனால் காத்திருக்கிற மெசின் ஒன்று தெரியும்.

தொண்ணூறில், போருக்குள், கரண்ட் போனது. வருடக்கணக்காக வரவில்லை. பற்றரிக்குத் தடை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு, பகலில் வானத்தைப் பார்க்கிறது. செய்தி கேட்கவேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை முட்டவைத்து, வயரை றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும். எங்கள் வளவில் அது என்னுடைய வேலை. பி.பி.சி. தமிழோசை தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றிவர நிற்பார்கள். கை ஓய்ந்தால் குரல் அடங்கிப் போகும். “சுத்தடா!” என்று கிழவர்கள் கத்துவார்கள். கசற் போட்டால் வேறு மாதிரி, சுற்றுவது குறையக் குறையப் பாட்டு இழுபட்டு அழும். கலியாண வீடுகளில் இதனால் சண்டையே வந்திருக்கிறது.

எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது என்று சொல்ல வரவில்லை. எங்கே குண்டு போட்டார்கள், யார் வளவு என்று கேட்கத்தானே சுற்றினோம். ஆனால் ஒன்று. செய்தி வாசித்து முடிந்ததும் கையை எடுத்தேன், றேடியோ செத்தது, போய்ப் படுத்தேன். அடுத்த செய்தி இருக்கிறதா என்று பார்க்க யாரும் நடுச்சாமம் எழும்பிப் பெடல் சுற்றமாட்டான். உன் அம்மாவின் போனுக்குச் சுற்றத் தேவையில்லை, அதனால் நிற்பாட்டுகிற இடமும் இல்லை. மற்றது, காத்திருக்கிற நேரத்தில் என் கைக்கு ஒரு வேலை இருந்தது. உன் அம்மாவுக்குக் கழுத்து மட்டும்தான் வேலை செய்கிறது.

சைக்கிள் ஒன்று வை அந்த அறைக்குள். ஆனால் கவனம்: போத்தல் டைனமோவில் 6 வோல்ற், 3 வாற் என்று அடித்திருக்கும், அதை நம்பாதே. பல்பு பூட்டாமல் வேகமாகச் சுற்றினால் 6 ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். வருகிறதும் ஏசி, திசை மாறி மாறி ஓடுகிற கரண்ட். நீ சொல்கிற போர்ட்டின் கால் 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்காது என்று என் மருமகன் சொல்கிறான். நேராகக் கொடுத்தால் புகைதான். டைனமோவைப் பல்புக்கு மட்டும் விடு. சில்லு சுற்றுகிறதா என்று போர்ட்டுக்குத் தெரியவேண்டுமென்றால் கம்பியில் ஒரு காந்தத்தைக் கட்டி, போர்க்கில் ஒரு றீட் சுவிச் வை, காந்தம் கிட்ட வந்தால் மூடிக்கொள்கிற சுவிச் அது. முடிந்தது. டைனமோ என்னிடம் இரண்டு கிடக்கிறது, வந்து எடு. காசு வேண்டாம்.

வாட்டில்_ஒருத்தி:

தங்கச்சி, நான் ஒரு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். நல்ல யோசனை, ஆனால் மூன்று இடத்தில் உன்னை மறிக்க வேண்டியிருக்கிறது.

நாடித்துடிப்பு பல்பு வேண்டாம். அந்தக் கலைஞரின் படைப்பில் துடிப்பு அழகாக இருந்திருக்கலாம். ஆனால் பதகளிப்புக்காரர்கள் ஏற்கெனவே தங்கள் நெஞ்சைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள். அடிப்பது தெரிகிறது, பயம் வருகிறது, பயத்தால் இன்னும் கூட அடிக்கிறது. நீ அதற்கு ஒரு பல்பும் பூட்டிக் கொடுப்பாய்.

றேடியோ ஐயா சொன்னதை வைத்து ஹெலிச் சத்தம், பொம்மர்ச் சத்தம் சேர்க்கலாம் என்று உனக்கு யாராவது ஆலோசனை சொல்லுவார்கள், நிச்சயமாகச் சொல்லுவார்கள். சேர்க்காதே. நாற்பது வயதுக்கு மேற்பட்ட உடம்பு இங்கே அதைக் கலையாகக் கேட்காது.

மூன்றாவது நீ கேட்ட கேள்வி, கடைசிவரை மெசேஜ் வராமலே விடலாமா என்றது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் போராட்டக் கொட்டிலில் வந்து இருந்தார்கள். அதற்கு முன்னும் அவர்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள்தான். உன் கண்காட்சிக்கு யார் வருவார்கள் என்று உனக்குத் தெரியாது. வராத மெசேஜை ஒரு உத்தியாக வைத்து விளையாட எங்கள் ஊரில் இடமில்லை. பிந்தட்டும், ஆனால் வரவேண்டும். வரும் என்பதை வாசலிலேயே எழுதி வை. தெரிந்துகொண்டே காத்திருக்கும்போதும் கழுத்து திரும்பும், பார். அதுதான் உன் படைப்பு.

அம்மாவைப் பற்றி ஒரு வரி: பார்த்தால் ஒரு நிமிடம் ஆறும், ஆனால் அடுத்த முறை இன்னும் கெதியாகப் பார்க்கத் தோன்றும். நாங்கள் பார்க்கவேண்டாம் என்று சொல்வதில்லை, பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தப் பண்ணுவோம். நித்திரை, சாப்பாடு குழம்பினால் ஆளைக் கூட்டிவா. யாராவது வாசிப்பவர்களுக்குத் தேவைப்பட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

கோண்டாவில்_ஈர்க்கு:

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. தட்டைவடை அண்ணைக்கும்.

அறையைச் சொல்கிறேன். நடுவில் அப்பாவின் பழைய றலி சைக்கிள், தலைகீழாக. றேடியோ ஐயாவின் டைனமோ, அதற்கு ஒரு ஜாம் போத்தல், உள்ளே திரிக்குப் பதில் 6 வோல்ற் பல்பு. சுற்றினால் எரியும், விட்டால் அணையும். எதிர்ச் சுவரில் நாற்பது பனை ஈர்க்குகளை ஒரு மரச்சட்டத்தில் நிறுத்தியிருக்கிறேன். ஒன்றே ஒன்றுக்குக் கீழே மட்டும் மோட்டர். அது இடைக்கிடை மெல்ல நடுங்கும், நிற்கும். அதுதான் “டைப்பிங்”. எந்த ஈர்க்கு என்று கண்டுபிடிக்கவே ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கிறது. நாற்பது நொடிக்கும் நாலு நிமிடத்துக்கும் இடையில் எப்போதாவது அது வளைந்து பக்கத்தில் உள்ள சின்ன வெண்கல மணியில் ஒருக்காத் தட்டும். அவ்வளவுதான். வாசலில் “செய்தி வரும். எப்போது என்று சொல்லமாட்டோம்” என்று எழுதியிருக்கிறது.

வேகமாகச் சுற்றினால் மணி முந்தி அடிக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. அடிக்காது. றீட் சுவிச்சைப் பூட்டி, சுற்றும் வேகத்துக்கேற்ப மணி வரும்படி முதலில் செய்துபார்த்தேன். அறை உடனே உடற்பயிற்சி நிலையமாகிவிட்டது, பெடியன்கள் நேரம் எடுத்துப் போட்டி வைத்தார்கள். கழற்றிவிட்டேன். இப்போது சுற்றினால் வெளிச்சம் வரும், வேறு ஒன்றும் வராது. அது தெரிந்த பிறகும் முக்கால்வாசிப் பேர் சுற்றிக்கொண்டேதான் நிற்கிறார்கள். அவர்களை நான் மூலையில் இருந்து பார்த்தேன். போனை எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒரு கையில் பெடல் என்றால் மற்றக் கையால் எடுப்பது வில்லங்கம், அது நான் திட்டமிட்டது இல்லை.

மோட்டரால் தொல்லை. எஸ்ஜி90 அசையாமல் நிற்கும்போதும் ‘கிர்’ என்று முனகும், அமைதியான அறையில் அது கொசு மாதிரி. அசைவு முடிந்ததும் அதற்குப் போகிற கட்டளையை நிறுத்தினால் முனகல் நிற்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று இரவு போனது. வேறு யாராவது செய்வதென்றால் முதல் நாளே செய்யுங்கள்.

சனிக்கிழமை அம்மா வந்தார். கோயிலுக்குப் போகிற சீலையில். சைக்கிளைக் கண்டதும் “இதைத் தொண்ணூற்றொண்டில உங்கட மாமா சுத்தினவர்” என்றார். பிறகு இருந்து சுற்றத் தொடங்கினார். ஈர்க்கைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை, மற்ற எல்லோரையும்விட முந்தி. கண்டதும் கழுத்து அந்தப் பக்கம் போனது, திரும்பவில்லை. நான் நேரம் பார்த்தேன், மூன்று நிமிடமும் சொச்சமும். மணி அடித்தது. கை நின்றது, விளக்கு அணைந்தது. இருட்டுக்குள் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு “ஆர் மெசேஜ் போட்டது?” என்றார். ஒருத்தரும் இல்லை அம்மா, மெசின்தான் என்றேன். “அப்ப ஏன் எனக்கு ஆறினது?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாட்டில் அக்காவுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

வெளியே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, அந்த ஆடுகிற ஈர்க்கை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். இரண்டாவது போர்ட்டை எடுத்துச் செய்தேன். அண்ணா வீட்டுக்குள் போனதும் தன் போனில் ஒரு இணைப்பை அழுத்துவான், இங்கே விறாந்தையில் ஈர்க்கு மணியைத் தட்டும். அண்ணாவுக்கு அதில் சந்தோசம் இல்லை. “முந்தி ஒண்டு, இப்ப ரெண்டு வேலை” என்கிறான். வியாழன் மறந்துபோனான், அம்மா போனையும் பார்த்தார், ஈர்க்கையும் பார்த்தார். ஆனால் மற்ற நாட்களில் ஐந்து மணிக்குக் குசினியிலேயே நிற்கிறார், மணிச் சத்தம் அதுவரைக்கும் கேட்கும். போன் சாமியறையில் சார்ஜில் கிடக்கிறது.

நேற்றுப் பூனை ஈர்க்கை இழுத்து மோட்டரின் பல்லை உடைத்துவிட்டது. இரும்புப் பல் வைத்த இதே அளவு மோட்டர் யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்? கொழும்பில் இருந்து எடுப்பித்தால் மூன்று நாளாகும், அதுவரை அம்மா திரும்பவும் கதிரையில்.

சுன்னாகம்_றேடியோ:

என்னிடம் ஒன்று கிடக்கிறது, உடைந்த பொம்மைக் காரில் இருந்து எடுத்தது. ஐந்து மணிக்கு முந்தி வா.